கூகுள் கிளாஸ்ரூம் ஏபிஐ வழியாக இரவுதோறும் தரவு எடுக்கும்போது கெடு நேரமும் மாணவர் எண்ணிக்கையும் தவறாக வருகின்றன

கேள்வி: ஆசிரியை, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு டியூஷன் மையத்தில் படிவம் 4, படிவம் 5 மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். மையத்தின் கணினி வேலைகளையும் ஒன்றரை ஆண்டாக நானே பார்த்து வருகிறேன். பைத்தான் ஓரளவு தெரியும், எஸ்கியூஎல் எழுதத் தெரியும். ஆனால் இதைத் தொழிலாகச் செய்து பழகியவள் அல்ல. ஆகவே அடிப்படையான ஒன்றைக் கேட்பதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மையத்தில் 11 வகுப்புகளும் ஏறத்தாழ 300 மாணவர்களும் இருக்கிறார்கள். இடுபணிகள் அனைத்தையும் கூகுள் கிளாஸ்ரூமில்தான் கொடுக்கிறோம். ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பை மட்டுமே பார்ப்பதால், ஒரு பிள்ளை கணிதத்தில் மட்டும் தடுமாறுகிறாளா, அல்லது இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் ஒரே வாரத்தில் வேலையை நிறுத்திவிட்டாளா என்பது எவர் கண்ணிலும் படுவதில்லை. அது தெரியவரும் நேரத்தில் படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு வாசலுக்கு வந்துவிடுகிறது. இதைத் தவிர்க்கத்தான் ஒரு சிறிய டேட்டா பைப்லைன் அமைத்தேன். இரவு 2 மணிக்கு ஒரு பைத்தான் நிரல் ஓடி, வகுப்புகள், மாணவர்கள், இடுபணிகள், ஒப்படைப்புகள் ஆகியவற்றை ஏபிஐ (ஒரு சேவையிடம் நிரல் தரவு கேட்டுப் பெறும் வாயில்) வழியாக எடுத்து போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேர்க்கும். காலை 9 மணிக்கு, கெடு தாண்டிய பிள்ளைகளின் பெற்றோருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு செய்தி போகும்.

இரண்டு வாரங்களுக்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாணவி சனிக்கிழமை காலை 7:10-க்குத் தன் இடுபணியை ஒப்படைத்திருக்கிறாள். கெடு அன்று காலை 8:00. அவள் தாமதமாக ஒப்படைத்ததாக அவளுடைய அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. வகுப்புக்கு வந்தபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன. கைப்பேசியை நீட்டி, ஒப்படைத்த நேரத்தைக் காட்டினாள். நான் அவளிடமும் அவள் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். அன்றே செய்தி அனுப்பும் பகுதியை நிறுத்திவிட்டேன். தரவை எடுக்கும் பகுதி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தேடிப் பார்த்ததில், வெள்ளி இரவு 11:59 என்று கெடு வைத்த இடுபணிகளுக்கு எல்லாம் சரியாகவே வருகிறது. காலை 8:00 கெடு வைத்தவற்றில் மட்டும்தான் இந்தக் கோளாறு. உலகப் பொது நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றும் வரி என் நிரலில் இருக்கிறது. கெடு நேரம் காலியாக வந்தால், அந்தத் தேதியின் தொடக்கத்தையே கெடுவாக எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருக்கிறேன். நேரம் கொடுக்கப்படாத இடுபணிகளுக்காக அப்படி எழுதினேன்.

இதைத் தவிர வேறு மூன்று சிக்கல்களும் உண்டு. 43 பேர் உள்ள வகுப்பில் 30 பேர் மட்டுமே வருகிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை டோக்கன் (தரவை எடுக்க கூகுள் தரும் அனுமதிச் சீட்டு) செல்லாமல் போய், நான் மறுபடியும் உலாவியைத் திறந்து அனுமதி கொடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வருகைப் பதிவேடும் கட்டணப் பதிவேடும் எக்செல் கோப்புகளாக இருக்கின்றன. அவற்றோடு கிளாஸ்ரூம் பெயர்களை இணைத்தால் கால்வாசிப் பேர் பொருந்துவதில்லை. செய்தி அனுப்புவதை மீண்டும் தொடங்குவதற்கு முன் இவற்றை முறையாகச் சரிசெய்ய விரும்புகிறேன். வழி சொல்லுங்கள்.


பதில் 1: நிரலாளர், செந்தூல், கோலாலம்பூர்

வணக்கம், ஆசிரியை. உங்கள் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை நீங்களே பாதி சொல்லிவிட்டீர்கள். காலை 8:00 என்பதில்தான் விடை இருக்கிறது.

கிளாஸ்ரூம் ஏபிஐ கெடுவை ‘டியூடேட்’, ‘டியூடைம்’ என்று இரண்டு புலங்களாக (ஃபீல்டுகளாக) தருகிறது. இரண்டுமே உலகப் பொது நேரத்தில் இருக்கும். நாம் அதைவிட 8 மணி நேரம் முந்தி இருக்கிறோம். எனவே நம் இரவு 11:59 அங்கே 15 மணி 59 நிமிடம் என்று வரும், தேதியும் மாறாது. நம் காலை 8:00 அங்கே சரியாக 00:00. இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மணியோ நிமிடமோ பூஜ்யமாக இருந்தால், இந்த ஏபிஐ அந்த எண்ணை ஜேசன் (ஏபிஐ தரவை அனுப்பும் எழுத்து வடிவம்) பதிலில் எழுதாமல் விட்டுவிடும். மணியும் பூஜ்யம், நிமிடமும் பூஜ்யம் என்றால் ‘டியூடைம்’ புலம் இருக்கும், ஆனால் அதற்குள் ஒன்றும் இருக்காது: வெறும் இரண்டு வளைவு அடைப்புகள். பைத்தானில் இப்படிப்பட்ட வெற்று அகராதியை (டிக்ஷனரியை) ‘இஃப்’ என்று சோதித்தால் ‘இல்லை’ என்ற பதில்தான் கிடைக்கும். ஆகவே உங்கள் நிரல் இதை நேரம் கொடுக்கப்படாத இடுபணி என்று எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை தொடங்கும் நள்ளிரவையே கெடுவாக வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளை 50 நிமிடம் முன்னதாக ஒப்படைத்தும், 7 மணி 10 நிமிடம் தாமதம் என்று கணக்கு வந்தது இதனால்தான்.

உலகில் வேறு எங்கோ நள்ளிரவில் மட்டும் தோன்றியிருக்க வேண்டிய இந்தப் பிழை, நம் நாட்டில் வகுப்பு தொடங்கும் காலை 8:00 மணியிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல்தான் 8 மணி நேர வேறுபாட்டில் இருக்கிறது. அதற்கு முன் ஏழரை மணி நேரம். அந்தக் கணக்கு நீடித்திருந்தால் இந்தக் குழி காலை 7:30-இல் இருந்திருக்கும்.

இதே காரணத்தால் காலை 9:00 கெடுவுக்கு மணி 1 என்று மட்டும் வரும்; நிமிடம் இருக்காது. காலை 8:30 கெடுவுக்கு நிமிடம் 30 என்று மட்டும் வரும்; மணி இருக்காது. எனவே ‘டியூடேட்’ இருக்கிறதா என்பதை மட்டும் சோதியுங்கள். அது இல்லையென்றால் அந்த இடுபணிக்குக் கெடுவே இல்லை. அது இருந்தால், மணி வராதபோது 0, நிமிடம் வராதபோது 0 என்று நிரப்பி, முழு நேரத்தையும் உலகப் பொது நேரமாகவே கட்டி, தரவுத்தளத்தில் நேர மண்டலத்தோடு கூடிய நேர வகையில் சேமியுங்கள். நம் நேரத்துக்கு மாற்றுவதைத் திரையில் காட்டும் கடைசிப் படியில் மட்டும், ‘ஏசியா/கோலாலம்பூர்’ என்ற மண்டலப் பெயரைக் கொண்டு செய்யுங்கள். தேதியைத் தனியாகவும் நேரத்தைத் தனியாகவும் மாற்றவே வேண்டாம். ஞாயிறு காலை 7:00 கெடு அங்கே சனி இரவு 23:00. தேதியை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றினால் ஒரு முழு நாள் பிசகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒப்படைத்த நேரத்தை எந்தப் புலத்திலிருந்து எடுக்கிறீர்கள்? ‘அப்டேட்டைம்’ என்றால் அதையும் மாற்ற வேண்டும். ஒப்படைப்பில் எந்த மாற்றம் நடந்தாலும் அந்த நேரம் நகர்ந்துவிடும். ஆசிரியர் மூன்று நாள் கழித்து மதிப்பெண் இட்டுத் திருப்பிக் கொடுத்தால், பிள்ளை மூன்று நாள் தாமதமாக ஒப்படைத்ததைப் போல் தெரியும். ஒவ்வோர் ஒப்படைப்புக்குள்ளும் ‘சப்மிஷன் ஹிஸ்டரி’ என்ற வரலாறு இருக்கிறது. அதில் ‘டர்ன்ட் இன்’ என்ற நிலை எப்போது ஏற்பட்டது என்பதற்குத் தனி நேரம் பதிவாகியிருக்கும். பிள்ளை ஒப்படைத்து, திரும்ப எடுத்து, திருத்தி, மறுபடியும் ஒப்படைக்கலாம் என்பதால், அந்த நிலை பலமுறை வரக்கூடும். எங்கள் அலுவலகத்தில் முதல் நேரத்தையும் கடைசி நேரத்தையும் இரண்டு நெடுவரிசைகளில் வைத்துக்கொள்கிறோம்.

தாமதமா என்பதைச் சொல்லும் ‘லேட்’ என்ற புலத்தையும் கிளாஸ்ரூமே தருகிறது. தாமதம் இல்லையென்றால் அந்தப் புலம் வராது. உங்கள் கணக்கும் அந்தப் புலமும் ஒத்துப்போனால் மட்டுமே செய்தி போக வேண்டும். முரண்பட்டால் செய்தி போகக் கூடாது. அந்தப் பதிவு உங்கள் மேசைக்கு வர வேண்டும். இந்த ஒரு நிபந்தனை இருந்திருந்தால் அந்தச் சனிக்கிழமைச் செய்தி போயிருக்காது.

43 பேரில் 30 பேர் வருவதற்குக் காரணம் எளியது. பக்க அளவைக் குறிப்பிடாவிட்டால் மாணவர் பட்டியல் ஒரு முறைக்கு 30 பேரைத்தான் தரும். மீதிப் பேர் இருந்தால் பதிலின் இறுதியில் ‘நெக்ஸ்ட் பேஜ் டோக்கன்’ வரும். அதைக் கொடுத்து அடுத்த பக்கத்தைக் கேட்க வேண்டும். இந்த டோக்கன் வருவது நிற்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பக்க அளவை 100 என்று வைத்துத் தப்பித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கேட்ட அளவைவிடக் குறைவாகத் தரவும் சேவையகத்துக்கு உரிமை உண்டு. இடுபணிகளுக்கும் ஒப்படைப்புகளுக்கும் வகுப்புகளுக்கும் இதே சுழற்சிதான்.


பதில் 2: தரவுப் பொறியாளர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

வணக்கம். மேலே செந்தூல் நண்பர் நேரத்தைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் சரி. நான் டோக்கன், பெயர் இணைப்பு, பைப்லைனின் அமைப்பு ஆகிய மூன்றையும் பற்றி எழுதுகிறேன்.

வாரத்துக்கு ஒருமுறை டோக்கன் செத்துப்போவது உங்கள் நிரலின் பிழை அன்று. கூகுள் கிளவுட் திட்டத்தை யாரோ தம் சொந்த ஜிமெயில் கணக்கில் தொடங்கியிருப்பார்கள் என்று எண்ணுகிறேன். அப்படித் தொடங்கினால் பயனர் வகை ‘எக்ஸ்டர்னல்’ என்றும், நிலை ‘டெஸ்டிங்’ என்றும் இருக்கும். அந்த நிலையில் ரிஃப்ரெஷ் டோக்கன் (அனுமதியைத் தானாகப் புதுப்பிக்க உதவும் டோக்கன்) 7 நாளில் காலாவதியாகும். உங்கள் மையத்துக்குச் சொந்த டொமைனும் அதில் வொர்க்ஸ்பேஸ் (நிறுவனங்களுக்கான கூகுள் சேவை) கணக்குகளும் இருக்கின்றன என்றால், அந்த டொமைனின் கீழ் புதிதாக ஒரு திட்டத்தைத் தொடங்கி, பயனர் வகையை ‘இன்டர்னல்’ என்று வையுங்கள். 7 நாள் தொல்லை அத்துடன் தீர்ந்தது.

சர்வீஸ் அக்கவுண்ட் (ஆளுக்கு அல்லாமல் நிரலுக்கென உருவாக்கும் கணக்கு) பயன்படுத்தலாமே என்று யாரேனும் சொல்லக்கூடும். பயன்படுத்தலாம், ஆனால் டொமைன் முழுவதற்குமான அதிகார ஒப்படைப்பை வொர்க்ஸ்பேஸ் நிர்வாகி தந்தாக வேண்டும். அதோடு, நிரல் ஓர் ஆசிரியரின் அல்லது நிர்வாகியின் பெயரில் இயங்க வேண்டும். இதைச் செய்யாமல் சர்வீஸ் அக்கவுண்டைத் தனியாக அனுப்பினால், அது எந்த வகுப்பிலும் உறுப்பினராக இல்லாத ஓர் ஆளைப் போல நிற்கும். வகுப்புப் பட்டியல் வெறுமையாக வரும். பிழைச் செய்தி வராததால் பலர் இந்த இடத்தில் நாள்கணக்கில் தேடியிருக்கிறார்கள். நானும் ஒரு முழு வெள்ளிக்கிழமையை இதில் செலவிட்டேன். எந்த வழியில் போனாலும் ‘ரீட்ஒன்லி’ என்று முடியும் அனுமதிகளை மட்டும் கேளுங்கள். வாசிக்க மட்டும் வந்த நிரலுக்கு எழுதும் உரிமை எதற்கு?

அடுத்தது பெயர். நம் பிள்ளைகளின் பெயரைக் கொண்டு இரண்டு அட்டவணைகளை இணைக்க முயல்வது வீண் வேலை. அடையாள அட்டையில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ (இன்னாரின் மகன், மகள்) என்று இருக்கும். ஒரு பதிவேட்டில் அதை விட்டிருப்பார்கள். இன்னொன்றில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்று இருக்கும். கிளாஸ்ரூமில் பிள்ளையே தன் பெயரையும் அப்பா பெயரையும் முன்பின்னாக மாற்றி வைத்திருக்கும். அப்பா பெயரின் எழுத்துக்கூட்டலும் அக்காளுக்கு ஒரு விதம், தம்பிக்கு ஒரு விதம் என்று பிறப்புச் சான்றிதழிலேயே வேறுபடுவதைப் பார்த்திருக்கிறேன். எனவே கிளாஸ்ரூம் தரும் பயனர் எண்ணையே திறவுகோலாக வையுங்கள். உங்கள் மையத்தின் மாணவர் எண்ணையும் அந்தப் பயனர் எண்ணையும் இணைக்கும் ஓர் அட்டவணையை ஒருமுறை, கையால், வகுப்பாசிரியர்களை உடன் வைத்துக்கொண்டு தயார் செய்யுங்கள். 300 பேர் என்றால் ஒரு நாள் வேலை. மின்னஞ்சல் முகவரி கிடைத்தால் அதில் பெரும்பகுதி தானாகவே பொருந்திவிடும். அதற்குச் சுயவிவர மின்னஞ்சலுக்கான தனி அனுமதியைக் கேட்க வேண்டும். அது இல்லையென்றால் அந்தப் புலம் வராது.

அந்தப் பயனர் எண்ணை எண் வகையில் அல்லாமல் எழுத்து வகையில் சேமியுங்கள். அது வழக்கமாக 21 இலக்கம் கொண்டது. போஸ்ட்கிரெஸின் ‘பிக்இன்ட்’ எண் வகை 19 இலக்கத்தோடு நின்றுவிடும். எக்செலில் திறந்தால் 15 இலக்கத்துக்கு மேல் உள்ளவை பூஜ்யமாக மாறிவிடும். அந்தக் கோப்பைச் சேமித்துவிட்டால் உண்மையான எண்ணை அதிலிருந்து மீட்க வழியே இல்லை.

இனி அமைப்பு. நீங்கள் ஏபிஐ-யிலிருந்து வந்ததை உடனே பிரித்து அட்டவணைகளில் போடுகிறீர்கள் என்று தெரிகிறது. அதற்கு முன்னால் ஒரு படி சேர்க்க வேண்டும். வந்த ஜேசனை வந்த வடிவிலேயே, எப்போது எடுத்தது என்ற நேரத்தோடு, ஓர் அட்டவணையில் சேமித்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸின் ‘ஜேசன்பி’ வகை இதற்குப் போதும். அதிலிருந்துதான் மற்ற அட்டவணைகள் உருவாக வேண்டும். இப்படி இருந்திருந்தால், அந்தச் சனிக்கிழமைக்கு முன் எத்தனை பிள்ளைகளுக்கு இதே போன்ற தவறான செய்தி போனது என்பதை இன்றைக்கே, திருத்திய கணக்கை பழைய தரவின் மேல் ஓட்டிக் கண்டுபிடித்திருக்கலாம். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த மாணவி கைப்பேசியைக் காட்டிக் கேட்டாள். கேட்காமல் திட்டு வாங்கிக்கொண்ட பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

ஒப்படைப்புகளை எடுக்கும்போது ஒவ்வோர் இடுபணிக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டாம். இடுபணி எண் வரவேண்டிய இடத்தில் ஒரு சிறுகோட்டை மட்டும் கொடுத்தால், அந்த வகுப்பின் ஒப்படைப்புகள் அனைத்தும் பக்கம் பக்கமாக வரும். உங்கள் 11 வகுப்புக்கு இது சில நிமிட வேலை. ‘நேற்றுக்குப் பிறகு மாறியவை மட்டும்’ என்று வடிகட்டிக் கேட்க ஒப்படைப்புப் பட்டியலில் வசதி இல்லை. அதனால் ஒவ்வோர் இரவும் முழுவதையும் எடுத்து, வகுப்பு எண், இடுபணி எண், ஒப்படைப்பு எண் மூன்றும் சேர்ந்த திறவுகோலின் மேல், இருந்தால் திருத்து, இல்லையென்றால் சேர் என்ற முறையில் எழுதுங்கள். நிரல் இடையில் நின்று மறுபடியும் ஓடினாலும் எந்தப் பதிவும் இரட்டிக்காது. வேக வரம்பைத் தாண்டியதாக 429 என்ற பதில் வந்தால், ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி என்று காத்திருப்பை இரட்டித்துக்கொண்டு மறுபடியும் கேளுங்கள்.

மாற்றம் நடந்தவுடன் அறிவிப்பு வரும் பப்சப் வழியும் உண்டு. உங்கள் தேவைக்கு அது வேண்டாம். அந்த அறிவிப்புக்கான பதிவு ஒரு வாரத்தில் காலாவதியாகும், புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வரும் அறிவிப்பிலும் இன்னது மாறியது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். உள்ளடக்கத்தை நீங்கள் மறுபடியும் ஏபிஐ-யில்தான் போய் எடுக்க வேண்டும்.

‘ஒப்படைக்கவில்லை’ என்று ஒரு பிள்ளையைக் குறிக்கும் முன் இரண்டு இடங்களில் நிதானமாக இருங்கள். சில ஆசிரியர்கள் ஓர் இடுபணியை நான்கைந்து பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பார்கள். மாணவர் பட்டியலையும் இடுபணிப் பட்டியலையும் பெருக்கி, ஒப்படைப்பு இல்லாதவர்களைத் தேடினால், கொடுக்கப்படாத வேலையைச் செய்யவில்லை என்று 38 பேர் மேல் பழி விழும். ஒப்படைப்புப் பதிவு யாருக்கு இருக்கிறதோ அவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். இரண்டாவது, வகுப்பில் தாளில் எழுதிக் கொடுத்த வேலைக்கு ஆசிரியர் நேராக மதிப்பெண் இட்டுத் திருப்பியிருப்பார். ‘டர்ன்ட் இன்’ என்ற நிலை வரலாற்றில் இருக்காது. மதிப்பெண் இருந்தால் ஒப்படைத்ததாகவே கொள்ளுங்கள். மதிப்பெண் புலம் வரவில்லையென்றால் இன்னும் மதிப்பிடவில்லை என்று பொருள். அந்த இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பிவிடாதீர்கள், சராசரி தலைகீழாகிவிடும்.


பதில் 3: பட்டர்வொர்த், பினாங்கு

வணக்கம். நான் நிரலாளர் அல்லன். ஒரு நிறுவனத்தில் தனிநபர் தரவு தொடர்பான இணக்கப் பணியைக் கவனிக்கிறேன். படிவம் 5 படிக்கும் மகனுக்குத் தந்தையும்கூட. எனவே இதை இரண்டு பக்கத்திலிருந்தும் படித்தேன்.

நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, அதாவது சட்டம் 709, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. அது வணிகப் பரிவர்த்தனைகளுக்குப் பொருந்தும். மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. அரசுப் பள்ளி ஒன்று இப்படிச் செய்கிறதே, நாமும் செய்யலாம் என்று ஒரு டியூஷன் மையம் எண்ண முடியாது. கட்டணம் வாங்கிப் பாடம் நடத்தும் மையம் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் தரவுக்குப் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். என்ன தரவை எதற்காக எடுக்கிறோம் என்ற அறிவிப்பைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும். தமிழிலும் ஒரு படி கொடுத்தால் நம் பெற்றோர் படித்துப் புரிந்துகொண்டு கையொப்பமிடுவார்கள். 2024-இல் வந்த திருத்தத்தின்படி, தரவுக் கசிவு ஏற்பட்டால் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்துள்ளது. அதற்கான கால அவகாசம் 72 மணி நேரம்.

பாயான் லெப்பாஸ் நண்பர் சொன்ன மூல ஜேசன் அட்டவணை எனக்குச் சற்றுக் கவலை தருகிறது. திருத்தம் செய்ய அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் தேவை முடிந்த பிறகு தரவை வைத்திருக்கக் கூடாது என்பதும் சட்டத்தின் கோட்பாடுகளுள் ஒன்று. எஸ்.பி.எம். எழுதிவிட்டுப் போன பிள்ளை பதினாறு வயதில் எந்த வாரம் வேலையை ஒப்படைக்கவில்லை என்பது ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உங்கள் கணினியில் இருக்க வேண்டிய அவசியம் என்ன? அழிக்கும் நாளை இப்போதே முடிவு செய்து, அதையும் இரவு நிரலிலேயே எழுதிவிடுங்கள்.

தந்தையாக ஒன்று. காலை 9 மணிக்கு எனக்கு வரும் செய்தியில் ‘உங்கள் மகன் ஒப்படைக்கவில்லை’ என்று இருந்தால் நான் மகனைத்தான் கேட்பேன், அதுவும் கோபத்தோடு. ‘எங்கள் பதிவில் இன்னும் வரவில்லை, ஒப்படைத்திருந்தால் ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள்’ என்று இருந்தால், முதலில் அவன் பக்கத்தைக் கேட்பேன்.


மறுமொழி: ஆசிரியை, பிரிக்பீல்ட்ஸ்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்பது நாள் இடைவெளிக்குப் பிறகு எழுதுகிறேன். செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

கெடு நேரம் நீங்கள் சொன்னபடியே இருந்தது. அந்தச் சனிக்கிழமை இடுபணியின் பதிலைத் தனியாக எடுத்துத் திரையில் அச்சிட்டுப் பார்த்தேன்: தேதி இருந்தது, ‘டியூடைம்’ இருந்தது, அதற்குள் ஒன்றுமே இல்லை. மூன்று மாதமாக என் கண் முன்னால் இருந்த ஒன்று. அந்த வரியைத் திருத்தி, ஒப்படைப்பு வரலாற்றிலிருந்து நேரத்தை எடுத்து, இந்தத் தவணை முழுவதையும் மறுபடியும் கணக்கிட்டேன். 17 செய்திகள் தவறாகப் போயிருக்கின்றன, 12 பிள்ளைகள். அந்தப் பன்னிரண்டு வீடுகளுக்கும் நானே தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். அவர்களில் ஒருவர், தாம் மகனின் கைப்பேசியைப் பிடுங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டதாக அவன் வகுப்பில் வந்து சொன்னான்.

டோக்கன் சிக்கலுக்கும் நீங்கள் ஊகித்ததே காரணம். முன்னாள் ஆசிரியர் ஒருவரின் சொந்தக் கணக்கில் திட்டம் இருந்தது. மையத்தின் டொமைனில் புதிதாகத் தொடங்கிய பிறகு, எட்டாவது நாளான நேற்று இரவும் நிரல் தடையின்றி ஓடியது. 43 பேரும் வருகிறார்கள். ஒப்புதல் படிவத்தை மூன்று மொழியிலும் தயாரித்து வருகிறோம். அது கையொப்பமாகி வரும்வரை செய்தி அனுப்பும் பகுதி நின்றே இருக்கும். மூலத் தரவை அடுத்த ஆண்டு மார்ச் இறுதியில், எஸ்.பி.எம். எழுதி முடித்தவர்களுக்கு மட்டும், அழிப்பதென்று மைய உரிமையாளரிடம் பேசி முடிவு செய்தேன்.

இணைப்பு அட்டவணையில் மட்டும் ஒரு முடிச்சு இன்னும் அவிழவில்லை. எங்கள் கட்டணப் பதிவேட்டில் மாணவர் எண் என்று தனியாக ஒன்றும் இல்லை; அடையாள அட்டை எண்ணைத்தான் பயன்படுத்துகிறார்கள். வருகைப் பதிவேட்டிலும் அதுவே. இரண்டிலும் ஒரே எண் இருந்தும் பெரும்பாலான பிள்ளைகள் பொருந்தவில்லை. ஒன்றில் 12 இலக்கம், மற்றொன்றில் 11 இலக்கம் வருகிறது.


பதில் 4: தரவுப் பொறியாளர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பன்னிரண்டு வீடுகளுக்கும் நீங்களே அழைத்துப் பேசியதைப் படித்து நெகிழ்ந்தேன், ஆசிரியை.

11 இலக்கத்துக்குக் காரணம் எக்செல். அடையாள அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. உங்கள் பிள்ளைகள் 2008, 2009-இல் பிறந்தவர்கள் என்றால் எண் 08, 09 என்று தொடங்கும். இடையில் கோடு இல்லாமல் தட்டச்சு செய்தால் எக்செல் அதை எண்ணாகக் கருதி முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும். 1999 வரை பிறந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை என்பதால், பழைய பதிவேடுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை. அந்த நெடுவரிசையை எழுத்து வகைக்கு மாற்றி, கோடுகளை நீக்கி, இடப்பக்கம் பூஜ்யமிட்டு 12 இலக்கமாக நிரப்பிவிட்டு இணையுங்கள், பொருந்திவிடும். நிரப்பிய பிறகு முதல் ஆறு இலக்கம் ஒரு செல்லத்தக்க பிறந்த தேதியாக இருக்கிறதா என்றும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். தட்டச்சுப் பிழைகள் அதில் அகப்படும்.

இணைத்து முடித்ததும், ஒவ்வொரு பிள்ளைக்கும் மையமே ஒரு மாணவர் எண்ணைக் கொடுத்து, பைப்லைனுக்குள் அதை மட்டும் பயன்படுத்துங்கள். அடையாள அட்டை எண் கட்டணப் பதிவேட்டோடு நிற்கட்டும். பிறந்த தேதியும் பிறந்த மாநிலமும் அடங்கிய எண் அது; இரவு நிரலின் பதிவுக் கோப்புகளில் வந்து விழ வேண்டியதில்லை. ஏற்கெனவே விழுந்திருந்தால், அந்தப் பழைய கோப்புகளையும் அழித்துவிடுங்கள்.